யார் சொன்ன நெஞ்சுவலி?

ஐந்தாம் அத்தியாயம்

பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் தேங்காய் சிதறுகிற சத்தத்துக்கு நடுவே ஒரு ஆளைத் தேடிப் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால் அனீஷ் செவ்வாய்க்கிழமை தவறாமல் அங்கே வருவான், முடித்த ஒவ்வொரு கேசுக்கும் ஒரு தேங்காய் உடைப்பான் என்று பிச்சைக்கனி எங்கேயோ மோப்பம் பிடித்து வந்திருந்தான்.

"முடிச்சதுன்னா?" என்று கேட்டாள் நீலாம்பாள்.

"கம்பெனி பணம் குடுக்காம தப்பிச்ச கேசுதானக்கா. இன்னைக்கு கை நிறைய வச்சிருக்கான் பாருங்க. பிள்ளையாருக்கே பல்லு வலிக்கும்."

நீலாம்பாள் சிரிக்கவில்லை. வலியசாலை அக்கிரகாரத் தெருக்காரி அவள். பழவங்காடி முக்கில் ஒரு குடைக் கடைக்கு மேலே சின்ன அறை எடுத்து, இன்சூரன்ஸ் கம்பெனிகள் கைவிரித்த ஜனங்களின் புகார்களைத் துப்பறிந்து கொடுப்பதுதான் தொழில். பிச்சைக்கனி சாத்தான்குளத்துப் பக்கம் பிறந்து, சாலைக் கடைவீதியில் மூட்டை தூக்க வந்து, கடைசியில் அவளிடம் ஒட்டிக்கொண்டவன். அவன் கொண்டுவந்த மூலதனம் ஒரு பழைய ஸ்கூட்டரும் அவன் வாயும். இரண்டுக்கும் பிரேக் சரியாக இல்லை.

ஆரம்பத்தில் ஒவ்வொரு புகாருக்கும் அவளுக்கு வயிறு பற்றி எரியும். இப்போது அப்படி இல்லை. கால் மரத்துப்போனால் ஊன்றும்போது தரை தெரியாது பாருங்கள், அந்த மாதிரி ஆகிவிட்டது மனசு. நடக்கிறாள், வேலை நடக்கிறது, தரை மட்டும் தெரிவதில்லை.

இந்தக் கேஸில் அவளைவிட மரத்துப்போனவள் ஒருத்தி இருந்தாள். ஜெயபாய். உதியன்குளங்கரையில் டயர் ஒட்டுகிற கடை வைத்திருக்கும் சுவாமிதாஸின் பெண்சாதி. சுவாமிதாஸ் இப்போது நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கிடக்கிறார். நெஞ்சைத் திறந்து அடைப்பை எடுக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனி சம்மதம் வராமல் ஆப்பரேஷன் தேதி கிடையாது என்று ஆஸ்பத்திரி சொல்லிவிட்டது. கம்பெனியோ, பாலிசி எடுப்பதற்கு முன்பே இவருக்கு இருதய வியாதி உண்டு, அதை மறைத்துவிட்டார், உள்ளூர் விசாரணையில் தெரியவந்தது என்று கதவைச் சாத்திவிட்டது. விசாரணையில் அப்படிச் சொன்னவர் யார் என்று மட்டும் சொல்லவில்லை. நாளைக் காலை நுகர்வோர் கோர்ட்டில் வாய்தா. சொன்னவர் யார் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. பதில் சொல்ல முடியாவிட்டால் சுவாமிதாஸ் அந்தக் கட்டிலிலேயே கிடக்க வேண்டியதுதான், கிடக்கிற வரைக்கும்.

இதற்குள் ஊர் இரண்டுபட்டாயிற்று. இன்சூரன்ஸ் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று ஒரு கட்சி செக்ரட்டேரியட் வாசலில் பந்தல் போட்டது. சட்டமெல்லாம் சரி, டெல்லிதான் சரியில்லை என்று இன்னொரு கட்சி எதிர்ப் பந்தல் போட்டது. முதல் பந்தலின் பெரிய போர்டில் ஜெயபாயின் முகம். போட்டோ எடுத்தபோது அழச் சொன்னார்களாம். அவளுக்கு அழுகை வரவில்லை. அதனால் போட்டோக்காரன் பின்னால் மழை போட்டுவிட்டான்.

சுவாமிதாஸின் கூடப்பிறந்த ரத்னாபாய்தான் சொல்லிக்கொடுத்திருப்பாள் என்பது ஜெயபாயின் சந்தேகம். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பலா மரத்தை வைத்து நெடுநாள் சண்டை. முதல் பந்தல் போட்ட கட்சியின் ஆள் ரெஜி, அந்தப் பெயரை உறுதிப்படுத்திக் கொடுத்தால் நாளைக்கு மேடையிலேயே உடைத்துவிடலாம் என்று நீலாம்பாளைப் போனில் அரித்துக்கொண்டிருந்தான்.

அனீஷ் கடைசித் தேங்காயை ஓங்கி எறிந்துவிட்டுத் திரும்பியபோது இவர்கள் இரண்டு பேரும் எதிரே நின்றார்கள். அவனுக்கு நீலாம்பாளைத் தெரியும். கம்பெனிகளுக்காக வீடு வீடாய் விசாரிக்கிற கூலி விசாரணைக்காரன் அவன். எதிர்த்தரப்பில் அவளைப் பல தடவை பார்த்திருக்கிறான். சிரித்துக்கொண்டே, சொன்ன ஆளின் பெயரைப் பறையான் பற்றில்ல சேச்சி, சொல்ல முடியாது, அது தொழில் தர்மம் என்றான்.

"பேரு வேண்டாம்," என்றாள் நீலாம்பாள். "சொன்னது என்னன்னு மாத்திரம் சொல்லு. சொன்ன மாதிரியே சொல்லணும். உனக்கு ஞாபகசக்தி ஜாஸ்தின்னு எல்லாரும் சொல்றாளே."

புகழ்ச்சி வேலை செய்தது. மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, சட்டென்று நல்ல தமிழுக்கு மாறினான். பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது போல ஒப்பித்தான்.

"என் இருதயத்தின் மூன்று வாசலும் அடைபட்டுப்போயின. பெரிய பெரிய டாக்டர்மார் கையை விரித்தார்கள். சவப்பெட்டிக்கு அளவு எடுக்கச் சொன்னார்கள். நாற்பது நாள் உபவாசம். ஒரு மாத்திரையும் இல்லாமல் பூரண சுகம்."

சொல்லிவிட்டு, என் இருதயம் என்று சொன்னது சும்மா ஒரு ஓட்டத்தில் வந்தது, அவருடைய இருதயம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று அவசரமாகத் திருத்திக்கொண்டு கூட்டத்தில் மறைந்தான்.

பக்கத்து டீக்கடையில் டிவி அலறிக்கொண்டிருந்தது. நாலு பேர் நாலு கட்டத்துக்குள் உட்கார்ந்து ஜனங்களின் ஆரோக்கியத்தைப் பற்றிக் கத்தினார்கள். நீலாம்பாள் சாயாவை ஊதிக்கொண்டே அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இவ்வளவு கத்துதாங்க, ஒருத்தனுக்காவது நெஞ்சு வலிக்குதா பாருங்கக்கா," என்றான் பிச்சைக்கனி.

"உனக்கு ஒரு கேள்வி. இந்த ஊர்ல ஒருத்தர் வியாதிக் கதை சொன்னா எங்கேர்ந்து ஆரம்பிப்பா?"

பிச்சைக்கனி யோசிக்கவே இல்லை. ஆஸ்பத்திரி பெயரில் ஆரம்பிப்பார்கள் என்றான். அப்புறம் டாக்டர் பெயர். அந்த டாக்டர் யாருக்கு மருமகன் என்பது. அப்புறம் எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, கேன்டீனில் தோசை எப்படி இருந்தது, துணைக்கு இருந்தவருக்குக் கட்டில் கிடைத்ததா. இவ்வளவும் சொல்லி முடித்த பிறகுதான் வியாதியின் பெயர் வரும். வராமலும் போகும்.

"அனீஷ் சொன்னதுல ஆஸ்பத்திரி உண்டோ?"

"இல்ல."

"டாக்டர் பேரு?"

"பெரிய பெரிய டாக்டர்மார். அவ்வளவுதான்." பிச்சைக்கனி டம்ளரைக் கீழே வைத்தான். "அட, ஆமாக்கா. உபவாசம் மட்டும் எத்தனை நாள்னு சுத்தமா இருக்கு."

"இன்னொண்ணு. அங்கே அக்கம்பக்கத்துல இருக்கறவா எல்லாரும், வெளியாள் வந்தா மலையாளத்துலதான் பேசுவா. இவனும் மலையாளி. பின்னே ஏன் தமிழ்ல ஒப்பிச்சான்? தமிழ்லதான் கேட்டிருக்கான், அதனாலயாக்கும். இனி கடைசியைப் பாரு. பூரண சுகம். பலா மரத்துக்குச் சண்டை போடற ஒருத்தி, எதிராளிக்குப் பூரண சுகம்னு கதையை முடிப்பாளோ?"

"நம்ம ஊர்ல சண்டைக்காரி சொன்னா, கதை முடியறதுக்குள்ள ஆளைப் புதைச்சிருப்பா."

"அதாக்கும். ரத்னாபாய் இல்லை. இந்தக் கதையைச் சொன்னவர் சந்தோஷமா சொல்லியிருக்கார். நாலு பேருக்கு முன்னால எழுந்து நின்னு சொல்லியிருக்கார்." அவள் சாயாவை முடித்தாள். "ஸ்கூட்டரை எடு. சுவாமிதாஸ் போற சர்ச்சுக்குப் போகலாம்."

உதியன்குளங்கரையில் மெயின் ரோட்டிலிருந்து இறங்கினால் ரப்பர் மரங்களுக்கு இடையே அந்தச் சின்ன சர்ச். ஞாயிற்றுக்கிழமைகளில் முதலில் தமிழ் ஆராதனை, பிறகு மலையாளம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆபத்திலிருந்து தப்பித்தவர்கள், வியாதி நீங்கியவர்கள் முன்னால் போய் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொல்வார்கள். சபை கண்ணீரோடு கேட்கும். கேமரா பார்த்துக்கொள்கிற லிபின், மேடைப் படியில் உட்கார்ந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். சாட்சி எல்லாவற்றையும் போனில் போட்டுவிடுவோம், கல்ஃபில் இருக்கிற நம்ம ஆட்கள் பார்க்கிறதற்கு என்று அவன் பெருமையாகச் சொன்னான். சுவாமிதாஸ் அண்ணனுடையதா? அது நம்ம சபையிலேயே ரொம்பப் பேர் பார்த்தது. கொஞ்ச நாளைக்கு முன்னால் நகரத்திலிருந்து ஒரு சார் வந்து, உருகிப்போய், தன் போனுக்கும் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

"அனீஷ் உருகினானா," என்றான் பிச்சைக்கனி. "வெண்ணெய்தான்."

லிபின் படத்தை ஓடவிட்டான். ஒரு கிறிஸ்துமஸ் காலம். பாலிசி எடுப்பதற்கு முந்தின வருஷம் என்று, படத்தின் மூலையில் இருந்த தேதியைப் பார்த்ததும் நீலாம்பாளுக்குத் தெரிந்துவிட்டது. முதலில் ஒரு அம்மாள், மார்பில் இருந்த கட்டி கரைந்துபோனதைச் சொன்னாள். சபை எழுந்து நின்றது. அடுத்தது சுவாமிதாஸ். வெள்ளைச் சட்டை, எண்ணெய் தேய்த்த தலை, கையில் மைக். கொஞ்சம் தயங்கினார். பிறகு ஆரம்பித்தார். இருதயத்தின் மூன்று வாசல், கைவிரித்த டாக்டர்மார், பெட்டிக்கு அளவு, ஒன்று பாக்கியில்லை. முன்வரிசையில் ஜெயபாய் முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு தேம்பினாள். அப்போது அவளுக்கு அழத் தெரிந்திருந்தது.

படம் முடிந்தது. யாரை யாரையோ சந்தேகப்பட்டு, மேடை போட்டு, போர்டு வைத்துத் தேடிய ஒற்றன் மைக்கோடு நின்ற சுவாமிதாஸ்தான்.

"அப்ப கம்பெனி சொன்னது நெசந்தானாக்கா?" என்றான் பிச்சைக்கனி. "ஒளிச்சிட்டாரா மனுஷன்?"

நீலாம்பாள் இன்னொரு தடவை போடச் சொன்னாள். இந்தத் தடவை சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தாள்.

"கையைப் பாரு."

"கையிலதானக்கா மைக்கு."

"மத்தக் கை. வலி வந்த இடத்தைச் சொல்றச்சே எங்கே போறது?"

பிச்சைக்கனி குனிந்து பார்த்தான். இருதயம் என்று சுவாமிதாஸின் வாய் அசைந்தது. இடது கை தானாக எழுந்து, நெஞ்சுக்கு வரவில்லை. தொப்புளுக்கு மேலே, மேல் வயிற்றில் போய் உட்கார்ந்து ஒரு தடவு தடவியது. வலித்த இடம் கைக்கு ஞாபகம் இருந்தது.

திரும்பி வரும் வழியில் ரெஜி போனில் பிடித்துக்கொண்டான். பெயர் கிடைத்ததா, நாளைப் பேச்சுக்கு வேண்டும் என்றான். கிடைத்தது, சுவாமிதாஸ் என்றாள் நீலாம்பாள், விஷயத்தையும் சொன்னாள். பிறகு ரெஜி மெதுவாகக் கேட்டான்.

"சேச்சி, உங்ககிட்ட வேற கேசு ஏதாவது உண்டா? குழந்தை கேசா இருந்தா நல்லது."

மனசு பழைய மனசாக இருந்தால் அவள் போனை ரோட்டில் எறிந்திருப்பாள். இப்போது ‘இல்லை’ என்று மட்டும் சொல்லி வைத்தாள். சாயங்காலத்துக்குள் அந்த போர்டில் ஜெயபாயின் முகத்துக்கு மேலே வேறு முகம் ஒட்டிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். மழையை அப்படியே விட்டுவிடுவார்கள்.

ஆஸ்பத்திரி வார்டில் சுவாமிதாஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஜெயபாய் குடிக்கச் சுடுவெள்ளம் வாங்க ஃபிளாஸ்கோடு கேன்டீனுக்குப் போயிருந்தாள். நீலாம்பாள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"அன்னிக்கு ராத்திரி என்ன சாப்பிட்டேள்?"

என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே, "மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கொழம்பும்," என்றார்.

அதற்கு மேல் தானாகவே வந்தது. ராத்திரி அடைத்துக்கொண்டது. ஜெயபாய் பிரசவத்துக்குப் போன மகளோடு நாகர்கோவிலில் இருந்தாள், வீட்டில் ஆளில்லை. செத்துப்போவேன் என்று நினைத்து முட்டிபோட்டு ஜெபித்தார். காலையில் முக்குக் கிளினிக்கில் வெறும் காஸ், வாயுதான் என்று ஒரு ரோஸ் மருந்து கொடுத்தார்கள். ஏப்பம் வந்தது, சரியாகிவிட்டது. ஜெபம் கேட்கப்பட்டது உண்மை என்றுதான் அவர் சாட்சி சொல்லப் போனார்.

"எனக்கு முன்னால அந்த அக்கா கேன்சர் போச்சுன்னு சொல்லிட்டா. சபையே எழும்பி நிக்குது. அதுக்குப் பிறவு நான் போயி, காஸுன்னு எப்பிடிச் சொல்ல? ஒரு வாக்கு கூட்டிச் சொன்னேன். அது அடுத்த வாக்கைக் கூட்டிட்டு வந்தது. பிறவு எனக்கே நிறுத்தத் தெரியல்ல."

பிச்சைக்கனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நீலாம்பாள் நிலைமையை எடுத்துச் சொன்னாள். இப்போதைய அடைப்பு புதிதாக வந்தது, பழைய வியாதியின் அடையாளமே இல்லை என்று இங்கத்து டாக்டர் கோர்ட்டில் சொல்லத் தயார். கிளினிக் டாக்டரையும் சொல்ல வைக்கலாம். ஆனால் கம்பெனி, நோயாளியே தன் வாயால் ஒத்துக்கொண்டிருக்கிறார் என்று படத்தைப் போட்டுக் காட்டும். "அவா கையில இருக்கறது உங்க வாயாக்கும். அதுக்கு உங்க வாய்தான் பதில் சொல்லணும். போன்ல பிடிச்சு வக்கீலுக்கு அனுப்பறேன். நாளைக்குக் கோர்ட்டு பார்க்கும்."

அவர் தலையை ஆட்டினார். முடியாது என்கிற ஆட்டம். சபைக்குப் பயமில்லை என்றார். சபை மன்னிக்கும், அதற்குத்தானே இருக்கிறது. ஜெயபாய்க்குத்தான் பயம். தான் பக்கத்தில் இல்லாத நேரத்தில் புருஷன் சாகக் கிடந்து பிழைத்தான் என்று, அன்றையிலிருந்து அவள் வெள்ளிக்கிழமை பகலில் நன்றி உபவாசம் இருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. காய்ச்சலிலும் குடிப்பதில்லை. கர்த்தர் நீக்கிய வியாதியைத் திரும்பச் சொல்லக் கூடாது என்றுதான் உங்களிடம்கூட அவள் அதைச் சொல்லவில்லை. "அவகிட்ட இத நான் எப்பிடிச் சொல்லுவேன்? அதுக்கு இஞ்ச கெடந்து போயிரலாம்."

ஃபிளாஸ்கைக் கட்டிலடியில் வைக்கிற சத்தம் கேட்டது. ஜெயபாய் எப்போது வந்து நின்றாள் என்று யாரும் கவனிக்கவில்லை. எவ்வளவு கேட்டாள் என்பது அவள் முகத்தில் தெரியவில்லை. அந்த முகத்தில் எதுவுமே தெரிந்து பல நாளாயிற்று.

"எடுங்க," என்றாள் பிச்சைக்கனியிடம். "அவரு சொல்லட்டு."

பிச்சைக்கனி போனைப் பிடித்தான். சுவாமிதாஸ் எழுந்து சாய்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடினார். திறந்ததும், "கர்த்தர் என்னைச் சாவின் பள்ளத்தாக்கிலிருந்து" என்று ஆரம்பித்துவிட்டார். நீலாம்பாள் கையைக் காட்டி நிறுத்தினாள். இரண்டாவது தடவையும் அதே பள்ளத்தாக்கு. கேமராவைக் கண்டதும் அந்த மனுஷனுக்கு வேறு பாஷை வரவில்லை.

ஜெயபாய் பிச்சைக்கனியின் கையிலிருந்து போனை வாங்கினாள். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, நெஞ்சுக்கு நேராக அதைப் பிடித்துக்கொண்டாள்.

"போனைப் பாக்காண்டாம். என்னைப் பாத்துச் சொல்லுங்க. அன்னைக்கு ஒங்களுக்கு என்ன?"

அவர் அவளைப் பார்த்தார்.

"காஸு, பிள்ளே. மரச்சீனி தின்ன காஸு. டாக்டர் யாரும் கையை விரிக்கல்ல. பெட்டியும் இல்ல, உபவாசமும் இல்ல. எல்லாம் நான் கூட்டிச் சொன்னது."

"நெஞ்சுக்கு ஒண்ணும் இல்லியா?"

"அன்னைக்கு ஒண்ணும் இல்ல. இப்பம்தான்."

அவள் கை அசையவே இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்துவிட்டு, பதிந்ததா என்று கேட்டாள். பிச்சைக்கனி வாங்கிப் பார்த்து, பதிஞ்சுதுக்கா, நல்லா பதிஞ்சுது என்றான். நீலாம்பாள் அதை வக்கீல் சபீனாவுக்கு அனுப்பினாள். சபீனா கோர்ட் வராந்தாவிலேயே பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். கம்பெனிக்கு நிற்க இருந்தது இந்த ஒரு கால்தான், நாளைக்கு அதுவும் இல்லை, இடைக்கால உத்தரவு கேட்டு வாங்கிவிடலாம் என்றாள். நல்ல செய்திதான். அந்தக் கட்டிலைச் சுற்றி யாரும் சந்தோஷப்படவில்லை. சந்தோஷம் எந்தப் பக்கத்திலிருந்து வரவேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை.

பிச்சைக்கனி, வாங்கக்கா போகலாம் என்று கண்ணால் சொன்னான். நீலாம்பாள் எழுந்தாள். வாசல் வரை போனவளுக்குப் பின்னால் சுவாமிதாஸின் குரல் கேட்டது. கோவமா பிள்ளே, என்று அவர் கேட்டார். இரண்டு தடவை கேட்டார்.

ஜெயபாய் ஃபிளாஸ்கைத் திறந்து சுடுவெள்ளத்தை டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நீலாம்பாள் நின்றுவிட்டாள்.

"இப்பம் ஒண்ணும் தோணல்ல," என்றாள் ஜெயபாய். "ஆப்பரேஷன் கழிஞ்சு எழும்பி வாங்க. கோவப்படுகதுக்கு எனக்கு ஆளு வேணும்."